ஏழாவது ஜன்னல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தம்பியின் கையை விட்டுவிட்டேன். அவனுக்கு நான்கு வயது. விட்ட இடம் ஓர் இங்கிலீஷ் பிரபுவின் சாப்பாட்டுக் கூடம்.

நாங்கள் அப்போது நியூ ஜெர்ஸியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். அங்கிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் குன்றின் மேல் அந்த மாளிகை. இங்கிலாந்தில் நானூறு வருடம் நின்ற வீடு. அதை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அமெரிக்கப் பணக்காரர் ஒருவர், கல்லுக்கும் மரத்துக்கும் எண் எழுதிக் கப்பலில் ஏற்றிவந்து இங்கே மறுபடி எழுப்பியிருந்தார். அத்தாவுக்கு ஞாயிறு என்றால் பிரியாணியும் தூக்கமும்தான். அம்மாதான் போயே ஆக வேண்டும் என்றாள். அவள் எதற்கும் அப்படிப் பிடிவாதம் பிடித்து நான் பார்த்ததில்லை.

கூடத்தின் சுவர் முழுக்கக் கருத்த ஓக் பலகை. கூரையில் சுண்ணாம்பில் செய்த பூக்களும் கொடிகளும். சுற்றிக்காட்டிய வெள்ளைக்காரப் பாட்டியம்மா அதைக் காட்டியபோது நான் அண்ணாந்து பார்த்தேன். குனிந்தபோது தம்பி இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தோம், திரைகளுக்குப் பின்னால் பார்த்தோம். பெயர் சொல்லிக் கத்தினோம். பாட்டியம்மா வாக்கி டாக்கியில் ஆட்களைக் கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அத்தா அதை நோக்கித்தான் ஓடினார்.

அம்மா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. விறுவிறுவென்று வெளியே போனவள், உடனே திரும்பி வந்தாள்.

"வெளிய ஏழு ஜன்னல் இருக்கு. உள்ள ஆறுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுவரோரமாக நடந்தாள். 'அது வெறும் சுவர்' என்றார் பாட்டியம்மா. ஓரிடத்தில் சத்தம் மாறியது. அம்மா அந்தப் பலகையின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சுவரே ஒரு குறுகலான கதவாகி உள்ளே திறந்தது. கைப்பிடி இல்லை, நிலை இல்லை. சாப்பாடு கொண்டுவரும் வேலைக்காரர்கள் பிரபுவின் கண்ணில் படக்கூடாது என்று அப்படிக் கட்டுவார்களாம்.

உள்ளே செங்குத்தான கல் படிக்கட்டு. நாலாவது படியில், ஏழாவது ஜன்னலின் வெளிச்சத்தில், தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் சாய்ந்ததும் திறந்த கதவு தானாக மூடிக்கொண்டுவிட்டது. உள்பக்கம் இழுத்துத் திறக்கும் பிடி அவன் கைக்கு எட்டவில்லை. அழுது அழுது விக்கலாகியிருந்தது. அந்தச் சுவரைத் தாண்டி எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

அத்தா முழங்கால்வரை நனைந்து ஓடிவந்தார். அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

பாட்டியம்மா அம்மாவையே பார்த்தபடி, "ஆர் யூ அன் ஆர்கிடெக்ட்?" என்று கேட்டார்.

"ஐ வாஸ்" என்றாள் அம்மா.

காரில் ஏறியதும் தம்பி தூங்கிவிட்டான். அவனை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வெளியே பார்த்தபடி வந்தாள். திருச்சியில் அவள் வரைந்து கட்டிய வீடுகளில் ஆட்கள் குடியிருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அத்தாவின் வேலைக்காக இங்கே வந்தபோது, அவள் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா அவளை வேலைக்குப் போக விடாது என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிலீஷ் இலக்கணம். அம்மாவின் தப்புகளைத் திருத்துவது வீட்டில் என் வேலை.

"அம்மா, அந்த ஆன்ட்டிகிட்ட நீ 'வாஸ்'னு சொன்னது ராங். 'ஐ ஆம்'னு சொல்லணும், இல்லாட்டி 'ஐ ஆம் நாட்'. ரெண்டுல ஒண்ணுதான்."

கண்ணாடியில் அத்தாவின் கண்கள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பின.

"சரிம்மா" என்றாள் அம்மா. "இனிமே சரியாச் சொல்றேன்."

திருத்திவிட்ட திருப்தியில் நானும் தூங்கிப்போனேன்.