எட்டு இல்லாத பிரஷர்

வவுனியாவிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, மிஸ்ஸி போயிட்டாவாம்" என்றாள். "எங்க போனாங்க?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே விளங்கிவிட்டது.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சிடும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு மிஸ்ஸியைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, தானே எழுதிக்கொள்வதாக அவருடைய தம்பி வந்து கேட்டார். நானே எழுதித் தருகிறேன் என்றேன். எழுதத் தொடங்கி இன்று நான்காவது நாள். ஸ்கந்தபுரத்தில் தவமணி மிஸ்ஸியின் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர் குறைவு. தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் சைக்கிள் நிற்காத வீட்டுவாசல் படலை இல்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

போன மாரியில் எனக்கு வைரஸ் காய்ச்சல் வந்து ஒரு கிழமையில் விட்டது. அதன்பின் எழுந்து நின்றால் தலை சுற்றியது. ஒரு நாள் வயல் வரம்பில் விழுந்தேன். பிரஷர் ஏறிவிட்டது என்றார்கள் எல்லோரும். நானும் நம்பி, உப்பில்லாத கஞ்சி குடித்தேன். முன்பே எடுத்துவந்த பிரஷர் குளிசையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினேன். சுற்று கூடியது. தனியே இருக்கும் என்னை வவுனியாவுக்குக் கூட்டிப்போக மகள் முடிவெடுத்தாள். மலையகத்திலிருந்து வந்து நான் காடு வெட்டி உண்டாக்கிய காணி குத்தகைக்குப் போக இருந்தது.

மிஸ்ஸி என்னை இருத்திப் பிரஷர் அளந்தார். பிறகு நிற்கவைத்து அளந்தார்.

"அண்ணை, உங்களுக்கு ஏறேல்லை. எழும்பினா இறங்குது. தலை சுத்தினா ஏறிட்டுதெண்டு ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுது, மிஸ்ஸி."

"அப்ப ஊருக்கு ரெண்டு குளிசையைக் குடுங்கோ!"

இப்படியான காய்ச்சலுக்குப் பிறகு வயதானவர்களில் சிலருக்குப் பிரஷர் ஏறும், சிலருக்கு இறங்கும், கொஞ்ச நாளுக்கு ஒரு நிலையில் நிற்காது என்றார். அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் குளிசையைக் குறைத்து, இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளும் விடாமல் அளந்து எழுதி வரச் சொன்னார். இலக்கம் ஒரு நிலைக்கு வந்தால் நான் இங்கேயே இருக்கலாம் என்று மகளும் ஒப்புக்கொண்டாள்.

காசில் இலக்கம் பார்க்கத் தெரியும் எனக்கு. எழுதத் தெரியாது. மிஸ்ஸி தன் மெஷினையும் எழுத ஒரு கொப்பியையும் தந்து, இலக்கங்களை எழுதிக் காட்டினார்.

"எழுபத்து நாலு வயசுலயா?"

"வரம்பு கட்டுற கைக்கு ஒரு கோடு கீற ஏலாதோ?"

ஒரு கிழமை கழித்துக் கொப்பியைப் பார்த்தவர், "அண்ணை, உங்கட பிரஷரில எட்டே வராதோ?" என்றார். எட்டு எனக்கு வளைந்து வரவில்லை. எட்டு வந்த இடமெல்லாம் ஏழு போட்டிருந்தேன்.

"ஒண்ணுதானே கொறைவு, மிஸ்ஸி?"

இருந்த கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தபின் சிரிப்பில்லை. "எண்பத்தைஞ்சு எழுபத்தைஞ்சானா பத்து குறையுது. பொய் இலக்கத்துக்கு டாக்டர் மெய் மருந்தெல்லோ தருவார்!"

முற்றத்து மண்ணில் என் விரலைப் பிடித்து, பானைக்கு மேல் பானையாக எட்டு கீறவைத்தார். அந்தக் கிழமை முழுவதையும் வெட்டிவிட்டு முதலிலிருந்து எழுதச் சொன்னார். மகளிடமும் உள்ளதைச் சொல்லித் தவணை கேட்டார்.

இரண்டு கிழமையில் எழுந்து நின்றாலும் பிரஷர் இறங்காமல் நின்றது. மகள் வந்து கொப்பியைப் புரட்டினாள். "அப்பா எழுதினதோ?" என்று மட்டும் கேட்டாள். வவுனியாக் கதை அதோடு முடிந்தது. "இலக்கத்தோட நிக்கிறதோ?" என்று மிஸ்ஸி அடுத்த ஞாயிறே 'அ' தொடங்கினார்.

நான் அவரிடமிருந்து பெற்று வைத்திருப்பது இது. விடிகாலையில் கண் விழித்ததும் நான் எழுந்து ஓடுவதில்லை. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பேன். "ரத்தத்துக்கும் எழும்ப நேரம் குடுங்கோ, அண்ணை" என்பார். அந்தக் கொஞ்ச நேரம் முழுவதும் அவருடையது. பிறகு எழுந்து நிற்கிறேன். தலை சுற்றுவதில்லை. கதவைத் திறந்தால் என் வயல்.