மேடையில் நறுக்கிய வெள்ளரிக்காய்

கிரகணத்தன்று நான் மேடையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒருமனதாக. அந்த நேரத்தில் நான் அவர்களுக்கு அடுக்களையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் ஊர்ப் பகுத்தறிவு மன்றத்துக்குச் செயலாளரும் அவர்தான். திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத் தலைவருடைய ரைஸ்மில் களத்தில் கூட்டம் நடக்கும். நெல் காயப்போடும் சிமெண்டுத் தரையில் ஜமக்காளம் விரித்துப் பேச்சு. பேய் உண்டா, ஜாதகம் பொய்யா, பெண்ணுக்குச் சொத்துரிமை ஏன் வேண்டும், இப்படி. முடிந்ததும் எல்லோரும் குடும்பத்தோடு பந்தியில் உட்கார வேண்டும். பக்கத்தில் யார், எந்தத் தெரு என்று பார்க்கக் கூடாது. அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வேறெங்கும் அப்படி ஒரு பந்தியைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் பெண் விடுதலை பேசினவர்களுக்கு வடை சுட்டுக் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

கிரகணம் வந்தால் மன்றத்தார் வெட்டவெளியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வருஷா வருஷம் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போய்விட்டது. வேடிக்கை பார்க்கக்கூட யாரும் வருவதில்லை. அந்த மாசியில் சூரிய கிரகணம் வருகிறது என்றதும் தலைவருக்குப் புது யோசனை உதித்தது. கர்ப்பிணி ஒருத்தியைச் சாப்பிட வைத்தால் என்ன?

"தேடுவானேன் தோழர்? நம்ம செயலாளர் வீட்டுலயே இருக்காங்களே" என்றார் ஒருவர்.

நான் தம்ளர்களோடு எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்தேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் முகத்தை அல்ல, வயிற்றை. என் கணவர் கொஞ்சம் தாமதித்துத்தான், "மன்றத்துக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்றார். கைதட்டினார்கள். எனக்கு அப்போது எட்டாம் மாசம். முதல் பிள்ளை ஏழாம் மாசத்திலேயே செத்துப் பிறந்திருந்தது.

நான் கிரகணத்தை நம்பினேனா என்று கேட்டால், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், நிலா குறுக்கே வருகிறது என்று எனக்கும் தெரியும். பயம் சூரியனிடம் இல்லை. கிரகணத்தில் கர்ப்பிணி கத்தியெடுத்து எதையாவது நறுக்கினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்பது ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சு. பிள்ளைக்கு ஒரு குறை என்றால், அது எதனால் வந்திருந்தாலும், காலம் பூராவும் என்னைத்தான் கை காட்டுவார்கள். அந்தப் பிள்ளையே வளர்ந்து என்னைக் கேட்கும்.

மன்றத்தார் எழுந்து போனதும் கணவரிடம் சொன்னேன். "என்னங்க, எனக்குப் பயமா இருக்கு."

"படிச்சவ நீயே இப்படிப் பேசினா?"

"படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லங்க. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

"தீர்மானம் போட்டாச்சு. நோட்டீஸ் அடிக்க எழுதிக் குடுத்தனுப்பியாச்சு. இப்ப வேணாம்னா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் அங்க போய் உட்கார்றது?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சரி, மாமியாரிடம் போய் நிற்கலாம் என்றால் அது இன்னொரு கொட்டடி. விஷயம் காதில் விழுந்ததுமே அவர் நெல் போடும் அறையைக் காலி பண்ணி ஜன்னலுக்குச் சாக்கு கட்டிவிட்டார். கிரகணம் விடும்வரை நான் அதற்குள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல், கை காலை அசைக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டுமாம். "போன தடவை என் பேச்சைக் கேக்காமத்தானே பறிகொடுத்தே" என்று ஆரம்பித்தார். மகனிடம் இப்படி ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் வாயெல்லாம் என்னிடம்தான். அந்த இருட்டறையும் எனக்கு வேண்டாம், அந்த மேடையும் வேண்டாம். வழக்கம்போல வாசல் பெருக்கி, சோறு வடித்து, சும்மா வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்க அந்த வீட்டில் ஆளில்லை.

அது கூலித் தகராறு முற்றியிருந்த சமயம். தாளடி நெல் விளைந்து நின்றது, அறுக்க ஆள் இறங்கவில்லை. கடைத்தெருவில் போலீஸ் வேன் நின்றது. தலைவருடைய வயலிலும் கதிர் சாய்ந்து கிடந்தது. விவசாயத் தொழிலாளர்கள் இருந்த தெற்குத் தெருவிலும் ஒரு பெண் முழுகாமல் இருந்தாள். அவளையும் கூட்டி வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தால் சாதி ஒழிப்புக்கும் ஆச்சு என்று தலைவர் தையல்காரத் தோழர் ஒருவரை அனுப்பினார். அவர் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் தலைவர்.

"முதல்ல வயலுக்குக் கூலியப் பேசச் சொல்லு, சோத்த அப்புறம் பேசலாம்னாங்க தலைவரே."

தலைவர் முகம் சுண்டிப்போனது. அரசியலைக் கலக்கிறார்கள் என்று ஏதோ முனகினார். அதோடு சரி, அவளை யாரும் வற்புறுத்தவில்லை. எனக்கோ வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சோற்றுக்கே திண்டாடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். அவள் மாட்டேன் என்றால் அவளுக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்றது. எனக்குப் பின்னால் மாமியார் நின்றார், கையில் அறுகம்புல்லோடு.

ஆமாம், கடைசியில் மகனைத் தடுக்க முடியாமல் அவர் இறங்கி வந்தது அதற்குத்தான். புறப்படும்போது என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துப்போய்ப் பாவாடை முடிச்சுக்குள் அறுகம்புல்லைக் காப்பாகச் செருகிவிட்டார். "எடுத்தே, அப்புறம் என் மூஞ்சில முழிக்காதே" என்றார். எடுக்கவில்லை. பகுத்தறிவு மேடையில் இடுப்பில் புல்லோடு உட்கார்ந்தேன். அது வெளியே தெரிந்து தொலைந்தால் என் கணவர் மானம் போய்விடுமே என்று முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் கூட்டத்துக்குக் குறைவில்லை. பெண்கள் களத்துக்குள் வராமல் ரோட்டிலேயே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றார்கள். சூரியனை யாரும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். வெயில் மங்கி மஞ்சளாகப் போனது. காக்காய்கள் மரத்துக்குத் திரும்பின. தட்டில் எலுமிச்சம்பழச் சாதம், பக்கத்தில் கத்தியும் வெள்ளரிக்காயும். நறுக்கினேன். பிள்ளை உள்ளே ஒரு புரட்டுப் புரண்டது. துண்டு ஒன்று கீழே விழுந்தது. சாதத்தில் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன்.

தலைவர் மைக்கை என் வாயருகே நீட்டினார். "தோழியர் இரண்டு வார்த்தை பேசுவார்."

அத்தனை வருஷத்தில் அந்த மைக் என் பக்கம் வந்தது அன்றைக்குத்தான். "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். ஸ்பீக்கரில் அது ரோடு வரைக்கும் கேட்டது.

தலைவர் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பார்த்தீர்களா? தலைமுறை தலைமுறையாக ஊட்டப்பட்ட அச்சம்! அதை மிதித்துவிட்டு இதோ உண்கிறாரே, இவரல்லவோ வீரப்பெண்!" என்றார். களமே அதிரும்படி கைதட்டினார்கள். என் கணவரும் தட்டினார். நான் அடுத்த துண்டை நறுக்கினேன்.

அதற்குப் பிறகு பிரசவம்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடிபம்புக்குப் போனால், "புள்ள அசையுதா?" என்று கேட்பார்கள். மன்றத்தார் வந்தால், "எல்லாம் நார்மல்தானே?" என்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான். என் கணவர் மட்டும் எதுவுமே கேட்கவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சும் குறைந்துபோனது. பள்ளிக்கூடத்தில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது என்று நான் கண்டுகொள்ளவில்லை. என்மேல் எனக்கிருந்த கவலை எனக்கு.

பெரியாஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் பிள்ளை பிறந்தது. வீறிட்டு அழுதது. நர்ஸ் கதவைப் பாதி திறந்து, "பொம்பளப் புள்ள" என்று வெளியே நின்றவர்களிடம் சொன்னார். மாமியார்தான் முந்திக்கொண்டு கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டது என் கணவரின் குரல்.

"உதடு... உதடு சரியா இருக்கா சிஸ்டர்?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஏன்?"

அழுகைச் சத்தம்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஆம்பிளை அழுகிற சத்தம். எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா, உனக்கும் பயம்தானா!

உள்ளே வந்தார். குனிந்து பிள்ளையின் மேலுதட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கேட்டுச்சுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க முன்னாடி என்னால வேணாம்னு சொல்ல முடியல" என்றார்.

"அவங்க முன்னாடி வேணாம். அவங்க போனப்புறம் என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேருமாச் சேர்ந்து பயந்திருக்கலாமேங்க."