அக்காவின் ஓடிபி

எங்கள் குடும்பத்தில் படித்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் நான். அதற்காக எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை, சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய காகிதங்களிலும் என் செல்போன் நம்பர் இருப்பதுதான். சித்தப்பாவின் கேஸ் சிலிண்டருக்கு என் நம்பர். பெரியம்மாவின் பென்ஷனுக்கு என் நம்பர். நத்தம் பக்கம் வாக்கப்பட்டுப் போன என் அக்காவின் ஆதாருக்கும் காப்பீட்டு அட்டைக்கும் அதே நம்பர். "தம்பி நம்பரப் போடுங்க, அவன் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஓடிபி வந்தால் நான் திண்டுக்கல்லில் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபைலைத் தள்ளி வைத்துவிட்டு, அது யாருடையது என்று துப்பறிந்து, அவர்களுக்குப் போன் போட்டு எண்களை ஒப்பிக்க வேண்டும். தபால்காரருக்காவது ஒரு சைக்கிள் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட பொறுப்பான மனிதன் ஓய்வு பெற்ற கையோடு, மகனைப் பார்க்க மனைவியுடன் கோலாலம்பூர் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடைக்காரர் என் போனை வாங்கி ஏதேதோ அழுத்தினார்.

"ரோமிங் போட்டாச்சு சார். அங்க போயி எறங்குனதும் தானா எடுத்துக்கும்" என்றார்.

என் வாழ்க்கையில் தானாக நடந்தது முடி நரைத்தது மட்டும்தான். கோலாலம்பூரில் இறங்கியதும் போனில் ஒரு சிக்னல் கோடு கூட எழும்பவில்லை. விமான நிலையத்திலேயே அந்த ஊர் சிம் ஒன்றை வாங்கினோம். என் போனில் ஒரு சிம்முக்குத்தான் இடம். கவுன்டரில் இருந்த பெண் என் பழைய சிம்மைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தாள். நகத்தளவுதான் இருந்தது. பர்ஸில் வைத்தால் விழுந்துவிடும், சட்டைப் பையில் வைத்தால் துவைக்கப் போய்விடும் என்று யோசித்தபோது, என் மனைவி கைப்பையிலிருந்து பழனித் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள்.

"இதுக்குள்ள வைங்க. பத்திரமா இருக்கும்" என்றாள்.

படித்த ஆளாகிய நானும் அதை நல்ல யோசனை என்று நினைத்து, திருநீற்றுக்குள் சிம்மைப் புதைத்து மடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு மூன்று நாள் என்னை ஒரு ஓடிபியும் அண்டவில்லை. வெளிநாட்டு வாழ்க்கை சுகம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் மதியம், மகன் ஆபீஸுக்கும் மனைவியும் மருமகளும் பத்துமலை முருகன் கோயிலுக்கும் போயிருந்த நேரம், வாட்ஸ்அப்பில் அக்காவின் வீட்டுக்காரர் கூப்பிட்டார். மாமா அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு மூச்சு விடாமல் பேசினார்.

"மாப்ள, அக்காவ திண்டுக்கல் ஆஸ்பத்திரில சேத்துருக்கேன். பித்தப்பையில கல்லாம். வீங்கிப் போச்சாம். நாளைக்குக் காலையிலயே ஆபரேசன் பண்ணணும், தள்ளிப் போட்டா வெடிச்சிரும்கிறாக. காப்பீட்டுல போடணும்னா ஆதார் சரிபாக்கணுமாம். கைரேகை விழ மாட்டேங்குது. ஒன் நம்பருக்கு ஓடிபி அனுப்பிருக்காக, பாத்துச் சொல்லு."

கைரேகை எப்படி விழும்? அவள் முப்பது வருடமாகப் புளி உடைத்து, கொட்டை எடுத்த கை அது. விரல் நுனி வழவழவென்று தேய்ந்து கிடக்கும். அந்த இயந்திரத்துக்கு அவள் ஆள் என்றே தெரியாது.

"பணத்தக் கட்டிருவோம் மாமா, நான் இங்கருந்து அனுப்புறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வங்கிச் செயலியைத் திறந்தேன். உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. அனுப்பியிருப்பார்கள். அந்த எண் திருநீற்றுக்குள் தியானத்தில் இருந்தது.

மகன் போனை எடுக்கவில்லை. பொட்டலம் மனைவியின் கைப்பையில் இருந்ததால் மருமகளுக்கு அடித்தேன். கோயிலுக்குள் போனை அணைத்து வைத்திருந்தாள். சாயங்காலத்துக்குள் சரிபார்ப்பு முடியாவிட்டால் நாளைய பட்டியலில் அக்காவின் பெயர் இருக்காது என்று மாமா மறுபடி கூப்பிட்டுச் சொன்னார். பின்னாலிருந்து அக்கா முனகும் சத்தம் கேட்டது. டாக்ஸி பிடித்துப் பத்துமலைக்கு ஓடினேன்.

அங்கே முருகன் மலைக்கு மேலே இருக்கிறார். பழனியிலாவது வின்ச் உண்டு. மூட்டுத் தேய்ந்த காலோடு படிகளில் ஏறினேன். வழியில் ஒரு குரங்கு என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டது. நாசமாய்ப் போ என்று விட்டுவிட்டு ஏறினேன்.

சன்னதியில் என் மனைவி கண்ணை மூடி நின்றிருந்தாள்.

"திருநீத்துப் பொட்டலம் எங்க?" என்றேன்.

"பழனித் துன்னூறு, சாமி பாதத்துல வச்சுக் குடுங்கன்னு அய்யர்ட்டக் குடுத்தேன். ஏன் இப்பிடி எரைக்கிறீங்க?"

அய்யர் அதைத் தட்டில் கொட்டி வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வரிசையை முறித்துக்கொண்டு போய்த் தட்டுக்குள் கையை விட்டேன்.

"ஐயா, என்ன செய்றீங்க? வரிசையில வாங்க" என்றார் அவர்.

"என் சிம் உள்ள இருக்கு சாமி" என்றேன்.

எத்தனையோ வேண்டுதல்களைக் கேட்ட மனிதர். இது புதிதாக இருந்திருக்க வேண்டும். தட்டைத் துழாவினேன், இல்லை. அப்போது எனக்கு முன்னால் திருநீறு வாங்கிய ஒரு சீன அம்மாள், உள்ளங்கையிலிருந்த சிறு துண்டை நெற்றியில் வைப்பதா வாயில் போடுவதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

போனைத் திறக்க ஊசி இல்லை. என் மனைவி தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். "நீங்கதான மடிச்சுக் குடுத்தீங்க" என்று அதோடு சேர்த்துக் கொடுத்தாள். வேட்டி நுனியில் சிம்மைத் துடைத்துப் போட்டேன். கோடு எழும்பவில்லை. மருமகள் போனை வாங்கி, செட்டிங்கில் ஒரே ஒரு பொத்தானை நகர்த்தினாள். ரோமிங் அதுவரை அணைந்தே கிடந்திருக்கிறது. திண்டுக்கல் கடைக்காரர் அத்தனை அழுத்தியும் அழுத்தாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

மூன்று நாள் பாக்கி மொத்தமாக வந்து விழுந்தது. சித்தப்பாவின் சிலிண்டர், பெரியம்மாவின் பென்ஷன், யாரென்றே தெரியாத ஒருவரின் பத்திரப் பதிவு. அக்காவுடையது காலாவதியாகியிருந்தது. மாமாவிடம் சொல்லி மறுபடி அனுப்பச் சொன்னேன். வந்தது. நான் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, அவர் அங்கே ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, கவுன்டரில் ஒரு பெண் குரல் "ம்" கொட்டியது. கடைசியில் "ஓகே ஆயிருச்சு" என்றது அந்தக் குரல். நான் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக நம்பர் மாற்றும் படிவத்தோடு அக்காவின் வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தாள். மெலிந்திருந்தாள்.

"இனிமே ஒன் காகிதத்துல ஒன் வீட்டு நம்பரப் போடுறோம். மாமா நம்பரயே போட்டுருவோமா?" என்று கத்தினேன்.

"ஏன், அக்காகிட்டயே இருக்கே. மூணு வருசமா ஒரே நம்பருதான்" என்றார் மாமா.

எனக்கு ஏறிவிட்டது. "நம்பர வச்சுக்கிட்டா என் நம்பரக் குடுத்த? உசுரு போயிருந்தா?"

அக்கா சீலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என் நம்பரக் குடுத்தா நீ எதுக்குடா எனக்குப் போன் பண்ணப் போற?" என்றாள்.

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். நான் படிவத்தைக் குனிந்து நிரப்பினேன். அவள் நம்பரை அவளே சொன்னாள். அது என் போனில் பதிந்தே இல்லை. வீட்டு லேண்ட்லைனுக்கும் மாமாவுக்கும்தான் இதுவரை அடித்திருக்கிறேன்.

"இனிமே சும்மாவே பண்றேங்க்கா" என்றேன்.

"செத்த நேரம் பேசுனாப் போதும்" என்றாள்.

படிவத்தைக் கொடுத்து இரண்டு மாதமாகிறது. அக்காவின் ஓடிபி எதுவும் இப்போது எனக்கு வருவதில்லை. நானும் அவளுக்கு இன்னும் போன் பண்ணவில்லை.