கறிவேப்பிலைக்குப் பக்கத்துக் கிடங்கு

எங்கள் வீட்டு முன்புறத்தில், கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்தில், மண்ணில் வெட்டிய ஒரு கிடங்கு இருக்கிறது. முழங்கை ஆழம் வரும். மெல்பேர்னின் கிளென் வேவர்லியில் எங்கள் தெரு, புல்லின் விளிம்பைக்கூடக் கத்தரிக்கோலால் வெட்டுகிற தெரு. அதனால் வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கிடங்குதான் முதலில் கண்ணில் படுகிறது. "அன்ரி, ஆரும் காலை வைச்சு விழப்போகினம்" என்கிறார்கள். விழட்டும். அதை மூட நான் விடமாட்டேன். என் கணவர் சச்சிதானந்தன் எப்படிப்பட்ட மனிதர் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அது.

இவருக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. பாதிச் சாப்பாட்டைக் குசினியில் நின்றபடியே முடித்துவிடுவார். கலியாண வீட்டில் தாலி கட்டி முடிந்திருக்காது, இவர் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு மண்டப வாசலில் நிற்பார்.

"இஞ்சேரும் பவளம், வெளிக்கிடுவமே?"

"எங்க?"

"வெளிக்கிடுவம். பிறகு பாப்பம்."

எங்கள் இல்லறத்தில் மிக அதிகமாகப் பேசப்பட்ட பேச்சு இதுதான். எங்கே என்ற என் கேள்விக்கு ஒரு நாளாவது ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ பதிலாக வந்ததில்லை.

பகிடியாகச் சொல்கிறேனே தவிர, காரணம் எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் ஒரு பின்னேரம், சண்டை நெருங்குகிறது என்று, உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள், கிளம்பினார். கொழும்பில் தங்கியிருந்த அறையிலிருந்து எழுப்பினார்கள். சென்னையில் வீட்டுக்காரர் எழுப்பினார். மெல்பேர்னுக்கு வந்தபிறகு எழுப்ப ஆளில்லை. ஆனால் அதற்குள் பழகிப்போய்விட்டது, தன்னைத் தானே எழுப்பிக்கொண்டார். ஸ்பிரிங்வேலில் மீன்கடைக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் குடும்பம் தொடங்கினோம். பிறகு நோபிள் பார்க், டண்டினோங், கிளேட்டன். ஒவ்வொரு வீட்டிலும் அட்டைப் பெட்டிகளை மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருப்பார். நான் தூசி தட்டும்போது அவற்றைப் பார்த்தால் எரிச்சலாக வரும். வேலையும் வாய்த்தது பாருங்கள், ரயில் ஓட்டுகிற வேலை. எந்த இடத்திலும் கதவு திறந்து மூடும் நேரத்துக்கு மேல் நிற்கத் தேவையில்லை. மனிதர் சந்தோஷமாக ஓட்டினார்.

மகள் வினுஷா ஹைஸ்கூல் போகிற வயதில்தான் நான் ஒரே பிடியாக நின்றேன். நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வீடு வேண்டும், அதற்குப்பிறகு மாறுவதில்லை என்றேன். இப்படித்தான் கிளென் வேவர்லிக்கு வந்தோம். ரயில் பாதை இங்கே முடிகிறது. இதற்கப்பால் தண்டவாளம் இல்லாத இடமாகப் பார்த்து இவரைக் கொண்டுவந்து நிறுத்தினேன் என்று சிநேகிதிகளிடம் பெருமையடித்தேன். வந்த முதல் வசந்தத்தில், வடக்குச் சுவரோரம், வெயில் படுகிற இடத்தில் கறிவேப்பிலையை நட்டேன். மெல்பேர்ன் குளிருக்குக் கறிவேப்பிலை தாங்காது. மே மாதம் பிறந்தால் சாக்கால் போர்த்திக் கட்டவேண்டும், பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கவேண்டும். போர்த்துகிற வேலையை இவர்தான் செய்வார். நான் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு இவர் ஓய்வுபெற்றார். வினுஷா வேலை கிடைத்து சிட்னிக்குப் போய் கிரவீனில் வீடெடுத்தாள். அடுத்த கிழமையே தொடங்கிவிட்டார்.

"பள்ளிக்கூடமே முடிஞ்சுது. பிறகென்ன பள்ளிக்கூட வீடு? விப்பம். ஒரு மோட்டர்ஹோம் வாங்குவம். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கு. இந்த நாட்டைச் சுத்திக்கொண்டே இருக்கலாம்."

என் வாழ்க்கையில் ஒரே மரம் திரும்பத் திரும்பப் பூத்ததை நான் பார்த்தது இந்த வீட்டில்தான். ஆனால் இவர் மாதக்கணக்காகப் பிடித்த பிடியில் நின்றார். கடைசியில் நான் ஒரு உடன்பாட்டுக்கு வந்தேன். முதலில் வாடகை மோட்டர்ஹோமில் ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேலே, இருந்து பார்ப்போம். எனக்குச் சரிவந்தால் வீட்டை விற்கக் கையெழுத்துப் போடுகிறேன். சரிவராவிட்டால் இந்தக் கதையை இனி எடுக்கக்கூடாது. ஆனால் எங்கே போவது என்பதை நான்தான் சொல்வேன்.

சிசிலி என்றேன். எங்கள் வட்டாரச் சமூக நிலையத்தில் வியாழக்கிழமைகளில் உடைந்த ஓட்டுத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்கிற மொசைக் வகுப்புக்குப் போகிறேன். படிப்பிப்பவர் இத்தாலிக்காரி. அவர் காட்டிய படங்களில் சிசிலியின் மொன்ரியாலே என்ற ஊர்த் தேவாலயம் இருந்தது. சுவர் முழுக்கப் பொன் துண்டுகள். அதை நேரில் ஒரு தடவை, அவசரமில்லாமல், இருந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

கத்தானியாவில் வண்டி எடுத்தோம். எந்தப் புது வாகனம் என்றாலும் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தான் எங்கள் ஆட்கள் கிளம்புவார்கள். வாடகை வண்டிக்கும் அதுதான் முறை என்று இவர் சந்தையிலேயே தேசிக்காய் வாங்கிவிட்டார். வைத்துவிட்டு நிமிர்ந்தால், வண்டி கொடுத்த பெடியன் ஓடிவந்து நாலையும் பொறுக்கி, துடைத்து, பையில் போட்டு என் கையில் தந்தான். எங்கள் சாமான் உருண்டுவிட்டது என்று நினைத்திருக்கிறான். இவர் திரும்ப வைத்தார். அவன் திரும்பப் பொறுக்கினான். கடைசியில் இவர் கண்ணைச் சுட்டி, கையை விரித்து, கண்ணூறு என்று நடித்தே காட்டினார். பெடியனுக்குச் சட்டென்று விளங்கியது. சட்டைக்குள் சங்கிலியில் கிடந்த, அவர்கள் ஊரில் கண்ணூறுக்குப் போடுகிற சிவப்புக் கொம்பை இழுத்துக் காட்டிச் சிரித்தான். தானே குனிந்து தேசிக்காய்களைச் சரியாக வைத்தும் விட்டான்.

அதோடு இவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. சிரக்குசாவில் பழைய கிரேக்கக் கோயிலின் தூண்களை அப்படியே சுவருக்குள் விட்டுத் தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். நான் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் வெளியில் நின்று வரும்படி கையைக் காட்டினார். பியாற்சா ஆர்மெரினாவில் ரோமர் காலத்து மாளிகை ஒன்றின் தரை முழுக்க மொசைக், யானையையும் புலியையும் கப்பலில் ஏற்றுகிற காட்சி. அந்த யானையின் தோலுக்குப் போட்ட வலைப்பின்னல் கோடுகளை நான் பார்த்து முடிக்கவில்லை.

"பாத்தாச்சுத்தானே. வெளிக்கிடுவமே?"

"எங்க?"

"பாப்பம்."

சாப்பாட்டிலும் இதே கூத்து. காலையில் வாதுமை கிரனீட்டாவும் மெத்தென்ற பேக்கரிப் பனிசும். பனிசைக் கிள்ளி அந்த ஐஸ் கூழில் தோய்த்து மெல்ல மெல்லச் சாப்பிடவேண்டும். இவர் கடை மேசையில் நின்றபடி மடமடவென்று குடித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொள்வார். கப்பொனாத்தா என்று கத்தரிக்காயைப் பொரித்து வினாகிரியும் சீனியும் போட்டுத் தந்தார்கள். "இது எங்கட மோஜுவெல்லே" என்று நான் பூரித்துப்போனேன். "ஓம் ஓம், வண்டியில வைச்சுச் சாப்பிடுவம், கட்டச் சொல்லும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அந்த வாழ்க்கை பிடிக்கத் தொடங்கியிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் ஒரு நாள் கடல், ஒரு நாள் புகைகிற மலை. பிடிக்கப் பிடிக்கப் பயமும் கூடியது. சரிவந்துவிட்டால் சொன்ன சொல்லுக்குக் கையெழுத்துப் போடவேண்டுமே. வீடு போய்விடுமே.

அதற்குள் இன்னொரு தலையிடி. தினமும் காலையில் "பாண் வாங்கிக்கொண்டு வாறன்" என்று போனோடு இறங்கிப் போவார். வெகுநேரம் கழித்துப் பாண் இல்லாமல் வருவார். கேட்டால் கடை பூட்டு என்பார். இத்தாலியில் காலையில் பூட்டியிருக்கிற பாண் பேக்கரியை நான் கேள்விப்பட்டதில்லை. மெல்பேர்னில் யாரிடமோ மோட்டர்ஹோம் விலை பேசுகிறார், நான் சரி சொல்ல முதலே வாங்கப்போகிறார் என்று முடிவுகட்டினேன். அன்றிலிருந்து நித்திரை ஒழுங்காக இல்லை.

மொன்ரியாலேக்கு ஒரு காலைநேரம் போய்ச் சேர்ந்தோம். வண்டியைக் கீழே விட்டுவிட்டு மேட்டில் ஏறினோம். தேவாலயக் கதவு இன்னும் திறக்கவில்லை. முற்றத்தில் நான் நின்றேன், இவர் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தார். அப்போது இவர் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த கணம் முற்றம் அதிரக் கத்தினார்.

"ஹலோ! ஸ்டொப்! தட்ஸ் மை ஹவுஸ்! கிடங்கு கிண்டாத! எடடா கையை! வேர் அறுகுது, வேர்!"

புறாக்கள் எழும்பிப் பறந்தன. ஒரு சுற்றுலாக் கூட்டம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் ஓடிப்போய் போனைப் பார்த்தேன். போனிலிருந்தே பேசக்கூடிய எங்கள் வாசல் மணிக் கமராவில் கிளென் வேவர்லி வீட்டு முற்றம் தெரிந்தது. இரண்டு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். பக்கத்தில் புல்லின்மேல், வீடு விற்பனைக்கு என்று எழுதிய பெரிய போட் சாய்ந்து கிடந்தது. சாக்குப் போர்த்திய கறிவேப்பிலைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடங்கு வெட்டியிருந்தார்கள். ஆளில்லாத வீட்டின் மணி தமிழில் ஏசுவதைக் கேட்டு இருவரும் திகைத்துப்போய்க் கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.

பக்கத்து வீட்டு கேத்ரின் வேலியைச் சுற்றி ஓடிவந்தாள். மலேசியத் தமிழ்ப் பிள்ளை, நாங்கள் இல்லாத நேரம் வீட்டைப் பார்ப்பவள்.

"அங்கிள், நீங்க கத்தாதீங்க லா, நான் பேசிக்கிறேன். நேத்துக்கூட போர்த்தின சாக்கைக் கட்டி வைங்கன்னு சொன்னீங்க, கட்டித்தான் வைச்சிருக்கேன். மரத்துக்கு ஒண்ணும் ஆகலை."

நேற்று! தினமும் காலையில் பாண் வாங்கப் போனவர் வாசல் மணி வழியாக கேத்ரினோடு பேசியிருக்கிறார். சாக்குக் கட்டியாயிற்றா, குப்பைத் தொட்டி உள்ளே எடுத்தாயிற்றா, முன் விளக்கு எரிகிறதா. கேத்ரின் அந்த இருவரையும் போட்டும் கையுமாக அனுப்பிவைத்தாள். கிடங்கை மூடாமலே போய்விட்டார்கள்.

நான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"வீட்டை விக்கக் குடுத்திட்டீங்களோ?"

"இல்லையப்பா, உம்மட கையெழுத்து இல்லாமல் என்னெண்டு விக்கிறது? வெளிக்கிட முதல் ஒரு ஏஜென்டோட கதைச்சு வைச்சனான், அவ்வளவுதான். திரும்பி வந்தபிறகு எண்டு சொன்னனான். அவங்கள் நாள் மாறி வந்திட்டாங்கள்."

"என்னைக் கேளாமல்!"

கோயில் வாசல் என்றும் பாராமல் ஏசினேன். ஸ்பிரிங்வேலிலிருந்து தொடங்கி, கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டிகள் வரை ஒன்றும் விடவில்லை. அதிசயம், இவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஏசி முடிந்தபோது ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"போட் போடச் சொன்னது நீங்கள். பிறகேன் கத்தினீங்கள்?"

இவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியேல்லை பவளம். அவன் மண்வெட்டியை இறக்க எனக்கு நெஞ்சுக்க என்னவோ செய்துது. எனக்கு வெளிக்கிட்டுக்கொண்டே இருக்கவேணும், அது போகாது. ஆனா முந்தி விட்டிட்டு வர ஒண்டும் இருக்கேல்லை. இப்ப இருக்கு. அது அங்க கிடந்தாத்தான் எனக்கு இஞ்ச நிக்கேலும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் பாதி, பாவம் பார்த்ததில் பாதி. இவ்வளவு காலம் இந்த மனிதரை வீட்டில் கட்டிப்போட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் தானாகவே கட்டுப்பட்டிருக்கிறார், எனக்கும் சொல்லவில்லை, தனக்கும் சொல்லவில்லை.

அப்போது கதவைத் திறந்தார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன், இவர் பின்னால் வந்தார். படத்தில் பார்த்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தலைக்கு மேலே, பக்கச் சுவரில், வளைவுகளுக்குள், பார்த்த இடமெல்லாம் பொன். ஒவ்வொரு துண்டும் நகத்தளவு. ஒவ்வொன்றையும் யாரோ ஒரு ஆள் நின்று, பொறுமையாக, ஒட்டியிருக்கிறான். நான் நீண்ட மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்தேன். இவரும் பக்கத்தில் இருந்தார். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது, நான் கையை வைத்து அமத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் குறைந்தது. மேலே நோவாவின் பெட்டகம் இருந்தது, யன்னலால் தலையை நீட்டிக்கொண்டு ஆட்கள். இவர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"எங்கட வண்டி மாதிரி" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

பிறகு மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"பவளம், வெளிக்கிடுவமே?"

வாய் பழக்கத்தில் கேட்டது. "எங்க?"

"வீட்டை போவம்."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. சாவியைக் கையில் எடுத்துவிட்டார். நான் அந்தச் சாவியை வாங்கி என் கைப்பைக்குள் போட்டு, பையைப் பூட்டினேன்.

"இன்னும் பத்து நாள் கிடக்கு. வீடு எங்கேயும் ஓடாது. சும்மா இருந்து பாருங்கோ."

இருந்தார்.