கொள்ளுப்பிட்டியில் நான் பிடித்த தண்ணீர்

வெறுங்கையோடு சுவிசுக்கு வந்தவன் நான். ஒரு பை, ஒரு குளிர்க்கோட்டு; அந்தக் கோட்டும் இன்னொருவருடையது. லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சட்டி கழுவினேன். நாலு வருடத்தில் அதே குசினியில் சமையற்காரனாக நின்றேன். பிறகு துப்புரவுக் கம்பனி தொடங்கினேன். இன்றைக்கு என்னிடம் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். பேர்ணுக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் வீடு வாங்கினேன். இரண்டு பிள்ளைகளையும் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தேன். கோயில் மண்டபத்துக்கு நிலக்கல் பதிக்க ஆளில்லை என்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது, மூன்று சனி ஞாயிறு முழங்காலில் நின்று நானே பதித்தேன். எட்டாம் வகுப்புத் தாண்டாதவன் செய்த காரியங்கள் இவை. ஒருவரும் கைகொடுக்கவில்லை, தனியாளாக எழும்பினேன் என்று, மைக் கிடைத்த இடமெல்லாம் சொல்லியும் இருக்கிறேன்.

இதை எழுத எனக்கு நாலு நாள் பிடித்தது. என் கடிதங்களை எல்லாம் எழுதித் தந்தவள் அக்கா. என் அகதி விண்ணப்பம் தள்ளுபடியானபோது மேன்முறையீடு எழுதியதும், கம்பனியைப் பதிவு செய்யப் பத்திரங்கள் நிரப்பியதும் அவள்தான். சூரிச்சுக்குப் பக்கத்தில், ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் பகல் முழுக்க நின்று பெட்டி கட்டிவிட்டு வருவாள். வந்து, தன் மகனின் பள்ளிக்கூடப் புத்தகங்களை விரித்து வைத்து டொச், அதாவது ஜெர்மன் மொழி, படிப்பாள். அப்படிப் படித்த டொச்சில்தான் எனக்கு எழுதினாள். இதை நான் ஒரு மைக்கிலும் சொன்னதில்லை.

அக்கா போய் இன்றோடு பதினெட்டு நாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். அவளுடைய மகன், என் மருமகன், அதில் போடும் வாழ்க்கை வரலாற்றை எழுதி எனக்கு அனுப்பினான். நல்லாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது: "குடும்பச் சூழ்நிலை காரணமாக ஐந்தாம் வகுப்போடு கல்வியை இடைநிறுத்த நேர்ந்தது." அந்த வரி சரியில்லை. ஏன் சரியில்லை என்று சொல்லத்தான் பேனையை எடுத்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினொன்று. அப்பா கொழும்பில், கொள்ளுப்பிட்டியில், ஒரு டொக்டர் வீட்டில் டிரைவர். கொள்ளுப்பிட்டி காசுள்ள ஆட்களின் இடம். காலி வீதியின் இரு பக்கமும் கண்ணாடிக் கடைகள். கதவைத் திறந்துகொண்டு யாராவது வெளியே வந்தால் தெருவில் நிற்கிற எங்கள் முகத்திலும் குளிர் அடிக்கும். கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் உயர்ந்த மதில்கள், மதிலுக்குள் பெரிய வீடுகள். ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல்.

நாங்கள் குடியிருந்தது அங்கே அல்ல, கொட்டாஞ்சேனையில். ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறை. இருபது வீட்டுக்கு ஒரு பைப். அந்தப் பைப்பில் தண்ணீர் பிடிப்பது என் பொறுப்பு. பெரிய பெண்கள் வாளியோடு சண்டை பிடித்துக்கொண்டு நிற்கையில் அவர்களின் கைக்குக் கீழால் பூந்து முதலில் பிடித்துவிடுவேன். "இவன் பிழைச்சுக்கொள்ளுவான்" என்று அயல் முழுக்கச் சொல்லும். அக்கா வரிசையில் நிற்பாள். அவளுடைய முறை வரும்போது பைப் நின்றுவிடும்.

ஆனால் அக்கா படிப்பில் புலி. கணக்கை மனதிலேயே போடுவாள். டீச்சராக வரவேண்டும் என்பது அவளுடைய எண்ணம். கொள்ளுப்பிட்டியில் ஒரு நல்ல பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஆறாம் வகுப்பில் சேர, சுற்றுவட்டாரத்தில் குடியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார். அப்பா டொக்டரிடம் கெஞ்சினார். அவருடைய வீட்டு முன்பக்க அனெக்ஸ் அப்போது வெறுமையாக இருந்தது. "இவர்கள் என் அனெக்ஸில் குடியிருப்பவர்கள்" என்று டொக்டர் கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தார்.

பார்க்க வருகிற நாளில் விடிந்ததும் டொக்டரின் காரில் சாமான் ஏற்றினோம். இரண்டு பாய், சட்டி பானை, சாமிப் படம், அக்காவின் புத்தகங்கள். அம்மா எங்கள் உடுப்பைத் தோய்த்துக் கொடியில் விரித்தார். அடுப்பில் வேண்டுமென்றே சோறு வைத்தார், குடியிருக்கிற வீடு போல மணக்க வேண்டும் என்று. அப்பா எனக்குச் சொல்லித் தந்ததை வரும் வழியெல்லாம் ஒப்புவித்தேன்: "நாங்கள் இஞ்ச மூண்டு வருசமா இருக்கிறம், டீச்சர்." என்னை ஒரே ஒரு அறையில்தான் இருக்க விட்டார்கள். குசினிப் பக்கம் எட்டிப் பார்க்கவும் விடவில்லை. எதையாவது உடைத்துவிடுவேன் என்ற பயம்.

வந்தவர் நடுத்தர வயது டீச்சர். கையில் குடை, கொப்பி. அப்பா டொக்டரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். டீச்சர் அக்காவிடம் இரண்டு கணக்குக் கேட்டார்; அக்கா கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை சொன்னாள். என்னிடமும் கேட்டார். மூன்று வருடம் என்று ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன். டீச்சர் சிரித்துக்கொண்டு கொப்பியில் எழுதினார். எழுதிவிட்டு, வெயிலில் நடந்து வந்த களைப்பில் கேட்டார்:

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?"

தண்ணீர் என்றால் அது என் பொறுப்பு. மூலையிலிருந்த செம்பைத் தூக்கிக்கொண்டு வாசலால் பாய்ந்தேன். அம்மா பின்னால் ஏதோ சொல்ல வாயெடுத்தது தெரியும். டீச்சருக்கு முன்னால் கத்த முடியாமல் நின்றிருப்பார். ஒழுங்கையைக் கடந்து, சந்தைக்குப் பின்னால் போய்ப் பைப்பைக் கண்டுபிடித்தேன். மீன் விற்பவர்களும் வண்டில்காரரும் வரிசையில் நின்றார்கள். பூந்து, பிடித்து, தண்ணீர் தளும்பத் திரும்பி ஓடி வந்தேன்.

டீச்சரின் கையில் ஏற்கெனவே ஒரு கிளாஸ் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் அக்கா நின்றாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"டீச்சர், அதைக் குடியாதேங்கோ! வரிசையில ஆறு பேர் நிண்டவை, நான் பூந்து பிடிச்சுக்கொண்டு வந்திட்டன். எங்கட பைப்பிலயும் நான்தான் எப்பவும் முதல்!"

"எங்கட பைப் எண்டா?" டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"கொட்டாஞ்சேனையில! இருபது வீட்டுக்கும் ஒரு பைப்தான். நான் இல்லாட்டி எங்கட வீட்டில சமையல் இல்லை!"

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார். டீச்சர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, என் செம்பை வாங்கி, அண்ணாந்து முழுவதும் குடித்தார். "நல்ல தண்ணி, ராசா" என்றார். கொப்பியை மூடிக்கொண்டு, குடையை மறந்து போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். அக்கா கொண்டுவந்ததை வைத்துவிட்டு என்னுடையதைக் குடித்தாரே என்று நான் குதித்தேன். வழக்கமாக ஒரு சொட்டுச் சிந்தினாலே அடிக்கும் அம்மா அன்றைக்கு அடிக்கவில்லை. கெட்டித்தனத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இடம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து டொக்டருக்கும் ஒரு கடிதம் போயிற்று. பொய்க்குக் கையொப்பம் வைத்த வெட்கத்தில் அவர் அப்பாவை வேலையால் நிற்பாட்டினார். ஊருக்குத் திரும்பினோம். அம்மாவும் கூலிக்குத் தோட்ட வேலைக்குப் போக வேண்டி வந்ததால் வீட்டைப் பார்க்க ஒரு பிள்ளை தேவைப்பட்டது. பெடியன் படிக்கட்டும் என்றார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை போனேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். "நீ டீச்சரோட வாயைத் திறந்து கதைச்சிருக்கோணும். அதுதான் உனக்கு இடம் தரேல்லை" என்று நான் அவளுக்குப் புத்தி சொன்னேன். "ஓம் தம்பி" என்றாள்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். நாற்பது வருடமாக இந்தக் கதையை நான் கொண்டாட்டங்களில் சொல்லிவந்தேன். பேர்ணில், லுசேர்ணில், பிறந்தநாளில், கலியாணத்தில். "கொள்ளுப்பிட்டியிலேயே ஆறு பேரைத் தள்ளிப் பிடிச்சவன் நான், சுவிஸ்காரன் என்ன பெரிய ஆளோ" என்று முடிப்பேன். சனம் சிரிக்கும். அக்கா அந்த மண்டபங்களில் இருந்தாள். நான் கதையைத் தொடங்கினால் எழும்பிப்போய் ஆட்களுக்குக் கறி பரிமாறுவாள்.

போன மாதம் சூரிச் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனேன். "கொஞ்சம் தண்ணி தா, தம்பி" என்றாள். என் அக்காவுக்குச் சும்மா தண்ணீரா கொடுப்பது? கீழே கடைக்கு இறங்கி, உயர்ந்த ரகப் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தேன்.

"அக்கா, வரிசையில ஆறு பேர். நான் பூந்து வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு கட்டிலுக்கு எதிர் மூலையைக் கையால் காட்டினாள். கழுவுதொட்டியும், அதன்மேல் பைப்பும்.

"பைப் உள்ளுக்கு இருக்கடா, தம்பி. அண்டைக்கும் உள்ளுக்குத்தான் இருந்தது."

"எண்டைக்கு, அக்கா?"

நான் வாங்கிக்கொண்டு போனதை அக்கா வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

பேர்ணுக்குத் திரும்பும் ரயிலில்தான் எனக்கு உறைத்தது. டீச்சரின் கையில் ஏற்கெனவே இருந்த அந்தக் கிளாஸ் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒன்பது வயதில் நான் கேட்கவில்லை. அறுபத்தாறு வயது வரை கேட்கவில்லை. ஒரு வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வரும் என்று அன்று எனக்குத் தெரியாது. சத்தமில்லாமல் போய்ப் பைப்பைத் திறந்து, அந்த வீட்டுப் பிள்ளையாகவே நின்று ஒரு கிளாஸ் நிரப்பிக் கொடுத்த அக்காவின் பக்கத்தில், நான் செம்போடு போய்க் கத்தினேன். ரயிலால் இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். அடுத்த கிழமை போவோம் என்று இருந்துவிட்டேன். அடுத்த கிழமை அவள் கதைக்கிற நிலையில் இல்லை.

மருமகனுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். "மாமா, உங்களுக்கு அப்ப ஒன்பது வயசு. இதையெல்லாம் நினைவு மலரில போடேலுமோ? சனம் என்ன சொல்லும்?" என்றான். கடைசிப் பக்கத்தில் என் படத்தைப் பெரிதாகப் போட்டு, "வெளியீட்டு உதவி: அன்புச் சகோதரர், தொழிலதிபர்" என்று அச்சடிக்கப் போகிறார்களாம்.

படம் வேண்டாம். கோயில் நிலக்கல்லில் என் பெயரை வெட்டச் சொல்லிக் கேட்டு வாங்கினவன் நான். கம்பனி வான் வண்டியில் நாலு பக்கமும் எழுதுவித்தவன். இங்கேயும் கேட்கிறேன். "குடும்பச் சூழ்நிலை" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை, தகப்பன் பெயரோடு முழுசாகப் போடுங்கள். அது குடும்பம் செய்ததல்ல. நான் செய்தது.