பத்துக் குதிரை மோட்டார்

மோட்டார் சூடானதும் கிளம்பும் செப்புக் கம்பிச் சுருளின் வார்னிஷ் வாசனையோடும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தோடும்தான் தொண்ணூறுகளில் அன்னூர்ப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் பொழுது விடியும். ஊரில் யாரும் மோட்டாரின் விலையைக் கேட்க மாட்டார்கள், "எத்தன ஹெச்.பி.ங்க?" என்றுதான் கேட்பார்கள். அந்த இரண்டு எழுத்துக்குக் குதிரைச் சக்தி என்று அர்த்தம் என்பது பள்ளியில்தான் எனக்குத் தெரிந்தது. குதிரை பூட்டிச் சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களிடம் நீராவி எஞ்சினை விற்பதற்காக, இது இத்தனை குதிரைக்குச் சமம் என்று கணக்குச் சொன்னார்களாம். எங்கள் ஊரில் மாடு பூட்டித்தான் இறைத்தார்கள். குதிரையின் வாலைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் மோட்டார் ரூமுக்குள் ஐந்து குதிரைகள் நிற்பதாக அப்பாவிடம் சொன்னேன். "தீனிச் செலவில்ல அம்மணி, கரண்டு சும்மாதான" என்று சிரித்தார்.

அக்காவுக்குக் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. போட்டோவைப் பார்த்ததுமே மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று என்று என்னிடம் மட்டும் சொன்னாள். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் நகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கிணற்றை எட்டிப் பார்த்துவிடுவார்கள். அந்த வருடம் மழை பொய்த்துத் தண்ணீர் அடியில் கிடந்தது. அப்பா ஐந்து ஹெச்.பி.யைக் கழற்றிவிட்டுப் பத்து ஹெச்.பி. மாட்டினார். ஊற்று பழைய ஊற்றுதானே என்று அம்மா முனகியது அவர் காதில் ஏறவில்லை.

வந்தவர்கள் காபி குடித்ததும் அப்பா கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஸ்விட்சைப் போட்டார். தொடைப் பருமனுக்குத் தண்ணீர் பாய்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா கையை நனைத்துக்கூடப் பார்த்தார். அவர் கையை எடுப்பதற்குள் சேறு வந்தது, பிறகு நுரை, பிறகு வெறும் காற்று. அப்பா நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார்.

"உடுங்க, காத்து வாங்குது. மழை பேஞ்சா ஊறிக்குமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, அத்தனை மரியாதையாக. போனவர்களிடமிருந்து பதிலே வரவில்லை.

பிறகொரு நாள் ஆங்கில வகுப்பில், செத்த குதிரையைச் சாட்டையால் அடிப்பது என்றொரு சொல்வழக்கு வந்தது. எவ்வளவு அடித்தாலும் எழுந்திருக்காத குதிரையை அடித்துக்கொண்டே இருப்பதாம். வீண் முயற்சிக்கு அப்படிச் சொல்வார்களாம். வகுப்பே சிரித்தது. எனக்கு ஸ்விட்சில் இருந்த அப்பாவின் விரல்தான் தெரிந்தது, அழுதுவிட்டேன்.

அடுத்தடுத்து வந்தவர்களும் கிணற்றைப் பார்த்துவிட்டே போனார்கள். போட்ட போர்வெல்களிலெல்லாம் புழுதிதான் பறந்தது. இப்போது அப்பா இல்லை. தோட்டம் வீட்டு சைட்டாகிவிட்டது, மூடிய கிணற்றின் மேல் யாரோ வீடு கட்டிவிட்டார்கள். அக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் முகூர்த்தப் பட்டு விற்கிறாள். கல்யாணப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், தன் தோளில் போட்டுக் காட்டுகிறாள்.