கோல் கம்பத்தை நகர்த்திய வாரம்

ஆங்கிலத்தில் 'மூவிங் த கோல்போஸ்ட்ஸ்' என்று ஒரு சொல்வழக்கு உண்டு. ஆட்டம் நடக்கும்போதே கோல் கம்பத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது. ஒருவரிடம் ஒரு நிபந்தனை வைத்து, அவர் அதை முடித்ததும் புதிதாக இன்னொன்று வைக்கிறோமே, அதுதான். சொற்களின் பூர்வீகத்தைத் துருவும் கிறுக்கு எனக்கு உண்டு. துருவினேன். கால்பந்திலிருந்து வந்தது, பிரிட்டன்காரர்கள் பேச்சில் பரவியது, அவ்வளவுதான் தேறியது. முதலில் சொன்னவர் யாரென்று நான் பார்த்த எந்த அகராதியும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நான் அதை முதலில் செய்தது எங்கே, யாரிடம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாமக்கல் பக்கம், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே ஒரு விடுதிப் பள்ளி. பிளஸ் டூ. எங்கள் செக்‌ஷனுக்கு நான்தான் லீடர். திங்கள்கிழமைத் தேர்வில் எந்த செக்‌ஷனின் சராசரி அதிகமோ, அதன் லீடர் மறுநாள் பிரேயரில் மேடையேறுவாள். தேர்வுக்கு வராதவளுக்குப் பூஜ்யம் போட்டு, அதையும் சராசரியில் சேர்த்துவிடுவார்கள். அதனால் யாருக்காவது காய்ச்சல் என்றால் எங்களுக்கு முதலில் கோபம்தான் வரும்.

மேச்சேரிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் செக்‌ஷனில் ஒருத்தி படித்தாள். ஆடு வளர்க்கிற வீடு. பத்தாவது வரை தமிழ்வழி. கூடப் படிக்கிறவர்களுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். "இவ கொசு அடிச்சாக்கூட மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் அடிப்பா" என்பாள் ஆத்தூர்க்காரி ஒருத்தி. அறையே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம். முகூர்த்தம் திங்கள் காலை. லீவு கேட்டுப் போனவளை வார்டன் மேடம் என்னிடம் தள்ளிவிட்டார். "இவ இங்கிலீஷ்ல வீக். இடியம்ஸ் அம்பதையும் உங்கிட்ட ஒப்பிக்கட்டும். நீ ஓகே சொன்னா அவுட்பாஸ்ல கையெழுத்துப் போடறேன்."

அவள் போனால் எங்களுக்கு ஒரு பூஜ்யம். மேடை போச்சு.

புதன்கிழமை சொன்னேன்: "அம்பதுக்கு நாப்பது வந்தா போலாம்." வியாழக்கிழமை நாற்பத்தொன்று சொன்னாள்.

"நாப்பத்தஞ்சு வரட்டும்" என்றேன்.

"நாப்பதுன்னு சொன்னீங்களேங்க?"

"அது நேத்து."

வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு. "எழுதிக் காட்டு. ஸ்பெல்லிங் தப்பிருந்தா மார்க் இல்ல." குளியலறை வரிசையில் நின்றபடி, சாப்பாட்டுத் தட்டின் மேல் விரலால் எழுதியபடி, சனிக்கிழமைக்குள் முடித்துவிட்டாள். அந்த ஐம்பதில் கோல்போஸ்ட்டும் இருந்தது. அர்த்தம் கேட்டேன். தயங்காமல் சொன்னாள்: "மொதல்ல ஒரு கண்டிசன் போட்டு, அத முடிச்சதும் வேறொண்ணு போடறதுங்க."

என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிக் போட்டேன். ஐம்பதும் சரி. தாளைத் திருப்பி அவளிடம் நீட்டினேன். "ஒவ்வொண்ணையும் வாக்கியத்துல அமைச்சுக் காட்டு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அப்பா வண்டியில் வந்துவிட்டார். அப்போது அவள் முப்பத்திரண்டாவது வாக்கியத்தில் இருந்தாள். மேடம் என்னை வாசல் கேட்டுக்குக் கூப்பிட்டு, "என்ன, ஓகேவா?" என்றார்.

"இன்னும் பதினெட்டு பாக்கி மேம்."

அவள் அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "சாமி, கூடப்பொறந்தவ கல்யாணமுங்க. நீங்க சொன்னா உட்ருவாங்களாமா."

"படிப்பு முக்கியம்ங்க" என்றேன். பதினேழு வயது எனக்கு.

"அதுஞ்சரிதானுங்க" என்று தலையாட்டினார். புதுப் பட்டுப்பாவாடை இருந்த பையை வாட்ச்மேனிடம் கொடுத்து, "நாளைக்கி இங்கயே உடுத்திக்கச் சொல்லுங்க" என்றார். யூனிஃபார்ம் தவிர வேறெதுவும் கூடாது என்று மேடம் பையைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா அதை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திங்கள்கிழமை, முகூர்த்த நேரத்தில், எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். ஒரே ஒரு தரம் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. எங்கள் செக்‌ஷன்தான் முதல்.

செவ்வாய்க்கிழமை மேடையேறினேன். எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். பிரேயர் கலைந்ததும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"லீடருங்க, இப்பப் போலாங்களா?"

"எதுக்கு? கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே."

"சும்மா ஊட்டுக்குங்க. அக்கா இன்னும் ரெண்டு நாள் இருப்பாங்க."

நாற்பத்தெட்டு எடுக்கத் தெரிந்த ஒருத்தியை நான் எப்படி விடுவேன்?

"அடுத்த திங்கள் கெமிஸ்ட்ரி" என்றேன். "அது முடியட்டும்."